விமானக் கம்பெனிகள் ஒன்றானால் நம்ம வேலை என்ன ஆகும்? களியக்காவிளைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் விமானத்தில் ஏறி வளைகுடாவுக்குப் போகிறவர்கள் எவ்வளவு பேரோ, அந்த விமானத்தைக் கிளப்பி அனுப்புகிற வேலையில் இருப்பவர்களும் அதற்கேற்ப உண்டு. ராம்ப்பில் (விமானம் நிற்கிற தளம்) பெட்டி ஏற்றுகிறவர், செக்-இன் கவுண்டரில் நிற்கிற பெண், திருவனந்தபுரம் சாக்கையில் விமானம் பழுதுபார்க்கிற ஹேங்கரில் வேலை பார்க்கிற டெக்னீஷியன், கேபின் க்ரூ, அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர் என்று தெருவுக்கு ஒருவராவது இருப்பார். சம்பளக் கணக்கும் பி.எஃப். காகிதமும் பார்க்கிற வேலை எனக்கு. அதனால் கம்பெனிகள் இணைகிற செய்தி வந்தாலே போன் வர ஆரம்பித்துவிடும். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அண்ணா, எந்தக் கம்பெனி எதோடு சேர்ந்தது என்பதே குழப்பமாக இருக்கிறது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சரி. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் அரசிடமிருந்து டாடா கைக்குப் போயின. டாடாவிடம் ஏற்கனவே விஸ்தாரா இருந்தது (சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு கூட்டு), ஏர்ஏஷியா இந்தியாவும் இருந்தது. ஆக ஒரே வீட்டில் நான்கு விமானக் கம்பெனி. ஏர்ஏஷியா இந்தியா முதலில் ஏஐஎக்ஸ் கனெக்ட் என்று பெயர் மாறி, 2024 அக்டோபர் 1 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் சேர்ந்தது. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவில் சேர்ந்தது, அதற்கு ஈடாக சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு ஏர் இந்தியாவில் 25.1 சதவீதப் பங்கு கிடைத்தது. நமக்கு முக்கியம் எக்ஸ்பிரஸ்தான். 2005-ல் கேரளத்திலிருந்து வளைகுடாவுக்குப் பறக்கத் தொடங்கி, கொச்சியில் தலைமையகம் வைத்திருந்த கம்பெனி அது.

கம்பெனி மாறினால் என் வேலையும் தானாகவே புதுக் கம்பெனிக்குப் போய்விடுமா?

சில நேரம் போகும், சில நேரம் போகாது. செய்தித்தாளில் எல்லாவற்றுக்கும் ‘இணைப்பு’ என்று ஒரே சொல்லைத்தான் போடுவார்கள், ஆனால் சட்டத்தில் மூன்று வழி இருக்கிறது, எந்த வழி என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் கதி.

ஒன்று, பங்கை விற்பது. 2022-ல் ஏர் இந்தியாவுக்கு நடந்தது இதுதான். கம்பெனி அதேதான், அதன் சொந்தக்காரர்தான் மாறினார். உங்கள் வேலை ஒப்பந்தம் கம்பெனியோடு போட்டது என்பதால் அதில் ஒரு வரி கூடத் தானாக மாறாது. ஒரு வருடத்துக்கு ஆட்குறைப்பு கூடாது, இரண்டாம் வருடம் ஆளைக் குறைக்க நினைத்தால் விருப்ப ஓய்வு கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டிருந்தது. அப்போது ஏர் இந்தியாவில் இருந்தவர்கள் 12,085 பேர், அதில் நிரந்தர ஊழியர்கள் 8,084, மீதி ஒப்பந்தம்.

இரண்டு, ஒரு கம்பெனி இன்னொன்றில் கரைந்துபோவது. விஸ்தாரா அப்படி. இதற்குத் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும். விஸ்தாராவுக்கு 2024 ஜூனில் சண்டிகர் அமர்வு கொடுத்தது. அந்தத் திட்ட ஆவணத்தில் ‘ஊழியர்கள்’ என்று ஒரு பத்தி இருக்கும். பணித்தொடர்ச்சி முறியாமல், பழையதை விடக் குறையாத நிபந்தனைகளில் எல்லோரும் புதுக் கம்பெனிக்கு மாறுகிறார்கள் என்கிற மாதிரி வழக்கமாக எழுதியிருப்பார்கள். அந்த ஒரு பத்தியைக் கண்டிப்பாகப் படியுங்கள், மிச்சம் நூறு பக்கம் பங்குக் கணக்கு, நமக்குத் தேவையில்லை.

மூன்று, வேலையை மட்டும் ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. பெட்டி ஏற்றுவது, செக்-இன் மாதிரி தரைப்பணிக்கான ஹேண்ட்லிங் காண்ட்ராக்ட் கைமாறுவது இதில் சேரும். ஆபத்து இங்கேதான். அனகாபள்ளி சர்க்கரை ஆலை வழக்கில் 1960-களின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: நிறுவனம் கைமாறும்போது பழைய முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம், ஆனால் ‘எனக்கு வேலை கொடு’ என்று புது முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது. 2025 நவம்பர் வரை இருந்த தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவின் கணக்கும், அதற்குப் பதிலாக வந்த தொழில் உறவுத் தொகுப்பின் கணக்கும் அப்படித்தான். பணி முறியக் கூடாது, நிபந்தனை குறையக் கூடாது, பின்னால் ஆட்குறைப்பு வந்தால் பழைய வருடங்களையும் சேர்த்துப் புது முதலாளி இழப்பீடு தர வேண்டும். இந்த மூன்றும் நிறைவேறினால் பழைய முதலாளி இழப்பீடு தர வேண்டாம், ஒன்று தவறினாலும் தர வேண்டும்.

சட்டையில் ஒரு கம்பெனி பெயர், விமான நிலைய நுழைவு பாஸில் ஒரு பெயர், ஏற்றுகிற விமானத்தில் இன்னொரு பெயர். என் முதலாளி யார் என்றே தெரியவில்லையே?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே உருப்படியான கேள்வி இதுதான். மற்ற எல்லா பதிலும் இதில்தான் தொங்குகிறது.

சம்பளச் சீட்டை எடுங்கள். மேலே வண்ணத்தில் லோகோ இருக்கும், அதை விடுங்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘லிமிடெட்’ என்று முடிகிற பெயர்தான் உங்கள் முதலாளி. அதே சீட்டில் ‘பணியில் சேர்ந்த தேதி’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதன் பக்கத்திலேயே பி.எஃப். உறுப்பினர் எண் இருக்கும். இணைப்பு நடந்த மாதத்துச் சீட்டையும் அதற்கு முந்தைய மாதத்துச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் மாறலாம், பி.எஃப். எண் மாறலாம். சேர்ந்த தேதி மாறியிருந்தால் அன்றைக்கே எச்.ஆருக்கு மெயில் போடுங்கள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

டாடா ஏர் இந்தியாவை வாங்கியபோது ‘நாங்களும் டாடாவுக்குப் போயாச்சு’ என்று மிட்டாய் கொடுத்தவர்கள் உண்டு. பாதி பேர் போகவே இல்லை! தரைப்பணி பார்க்கிற ஏஐ ஏர்போர்ட் சர்வீசஸும், பழுதுபார்ப்பு வேலை செய்கிற ஏஐ இன்ஜினியரிங் சர்வீசஸும் விற்பனையில் சேரவில்லை, அரசின் சொத்துக் கம்பெனியிடமே நின்றுவிட்டன. தரைப்பணி பார்க்கிற ஏஐசாட்ஸ் என்கிற கூட்டுக் கம்பெனியில் ஏர் இந்தியாவுக்கு இருந்த பாதிப் பங்குதான் டாடாவுக்குப் போனது. இந்த மூன்று கம்பெனி ஆட்களும் ஒரே விமானத்தைச் சுற்றி நின்று வேலை பார்ப்பார்கள், ஒரே கடையில் சாயா குடிப்பார்கள், ஆனால் மூன்று பேருக்கும் மூன்று தலைவிதி.

இன்னொன்று, விமான நிலைய நுழைவு பாஸ். அதில் கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும், கம்பெனி மாறினால் பாஸும் மாற வேண்டும், அதற்குப் போலீஸ் சரிபார்ப்பு உண்டு. வேலை திருவனந்தபுரத்தில், வீட்டு முகவரி கன்னியாகுமரி மாவட்டத்தில் என்றால் காகிதம் எல்லை தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். பாஸ் வராமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை, அப்புறம் என்னிடம் வந்து புலம்புகிறார்கள்.

சீனியாரிட்டி என்ன ஆகும்? இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

ஏனென்றால் விமானத் தொழிலில் சீனியாரிட்டிதான் சொத்து. யார் முதலில் கமாண்டர் (தலைமை விமானி) ஆவது, யாருக்குப் பெரிய விமானம், யாருக்கு ஓணத்துக்கு லீவ், எந்த ஊரில் பேஸ் (வேலை தொடங்கி முடிகிற ஊர்), ஆளைக் குறைத்தால் யார் கடைசியில் போவது, எல்லாம் அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இரண்டு பட்டியலை ஒன்றாக்கும்போது யாரோ ஒருவர் கீழே போயே ஆக வேண்டும்.

நம் நாட்டில் இதற்குப் பெரிய பாடம் 2007. அந்த வருடம் ஆகஸ்ட் 27 அன்று ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் காகிதத்தில் ஒன்றாயின. விமானத்துக்குப் பெயிண்ட் மாறியது, ஆனால் ஆட்கள் சேரவில்லை. இரண்டு பக்கத்துக்கும் சம்பள முறை வேறு, ஊக்கத்தொகை வேறு, பதவி உயர்வு வேகம் வேறு. இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கத்து விமானிகள், அதே வேலைக்கு அவர்களுக்கு அதிகம், எங்களுக்குக் குறைவா என்று 2011 ஏப்ரல் கடைசியில் தொடங்கி பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரச்சினையைத் தீர்க்க நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு போட்டார்கள். அடுத்த வருடம் மறுபக்கம் கிளம்பியது. புதிதாக வந்த டிரீம்லைனர் விமானத்தில் பயிற்சி யாருக்கு என்பதில், பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைக்கு வரவில்லை. இணைப்பு நடந்து ஐந்து வருடம் கழித்து இந்தக் கூத்து! கல்யாணம் முடிந்து பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில் சீர்வரிசைக் கணக்கில் சண்டை போட்ட மாதிரி.

அமெரிக்காவிலும் இதே பஞ்சாயத்துதான். 2001-ல் டிடபிள்யூஏ கம்பெனியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, டிடபிள்யூஏ-வின் கேபின் க்ரூவை, இருபது முப்பது வருட அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்து, பட்டியலின் அடியில் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள். ஆட்குறைப்பு வந்ததும் அவர்கள்தான் முதலில் வெளியே. அதற்கப்புறம் 2007-ல் அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், இரண்டு பட்டியலை நியாயமாகச் சேர்க்க வேண்டும், ஒத்துவராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்று. விமானக் கம்பெனிக்கென்று அப்படித் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. அதனால் இங்கே சீனியாரிட்டி என்பது தொழிற்சங்கம் பேசி வாங்குவது, அல்லது நிர்வாகம் பார்த்துக் கொடுப்பது. சங்கமே வேண்டாம் என்று சொல்கிற பிள்ளைகள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

சம்பளம் குறையுமா?

‘சம்பளம் குறையாது’ என்று மேடையில் சொல்வார்கள், மாற்றம் உள்ளே ஃபார்முலாவில் நடக்கும். விஸ்தாரா விமானிகளுக்கு மாதம் 70 மணி நேரப் பறப்புக்கு நிலையான சம்பளம் இருந்தது. இணைப்புக்கு முன்னால் வந்த புது ஒப்பந்தம் அதை ஏர் இந்தியா மாதிரி 40 மணி நேரமாக்கியது, மேலே பறந்தால் தனிப் பணம். அதிகம் பறக்கிற மாதம் பரவாயில்லை, குறைவாகப் பறக்கிற மாதம் அடி. விமானிகளிடம் இந்த அதிருப்தி இருந்த நேரத்தில், 2024 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் விமானிகள் பற்றாக்குறையால் விஸ்தாரா விமானங்கள் வரிசையாக ரத்தாகி, கடைசியில் தினசரி சேவையைச் சுமார் 10 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள்.

தரைப்பணியில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது நைட் ஷிஃப்ட் அலவன்ஸ், ஓவர்டைம், வண்டி வசதி. மொத்தத் தொகை அப்படியே இருக்கும், ஆனால் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டியிருப்பார்கள். பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் (வேலையை விட்டுப் போகும்போது சேவை வருடத்துக்கு ஏற்பக் கிடைக்கிற தொகை) பெரும்பாலும் அடிப்படையை வைத்துத்தான் என்பதை மறக்காதீர்கள்; 2025 நவம்பரில் வந்த புதிய தொகுப்புகளின்படி அலவன்ஸ் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் கணக்கில் சேரும்.

சேர்ந்த தேதியை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறீர்கள்? வேலை இருந்தால் போதாதா?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் பழைய கம்பெனியில் 6 வருடம், இணைந்த பிறகு 2 வருடம் வேலை பார்த்து விலகுகிறார். கடைசியில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000. பணி முறியாமல் 8 வருடம் என்று எடுத்தால் கிராஜுவிட்டி வருடத்துக்கு 15,000, மொத்தம் 1,20,000. அதையே இணைப்பு அன்று கணக்கு முடித்து, புது நியமனம் என்று போட்டிருந்தால்? அன்றைக்கு அவர் அடிப்படை 18,200 என்று வையுங்கள். 6 வருடத்துக்கு 63,000 கிடைக்கும். அப்புறம் வருகிற 2 வருடத்துக்கு, நிரந்தர ஊழியருக்கு 5 வருடம் ஆகாததால், ஒன்றும் இல்லை. ஒரு தேதியில் 57,000 ரூபாய் போய்விட்டது. அந்த 63,000-ஐ ஒரே செக்காகப் பார்த்து சந்தோஷப்பட்டு கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

பி.எஃப்.பிலும் அதேதான். யூஏஎன் (பி.எஃப்.புக்கு உங்களுக்கென்று உள்ள நிரந்தர எண்) ஒன்றுதான், ஆனால் கம்பெனிக்கு ஒரு உறுப்பினர் எண். பழையதைப் புதியதோடு மாற்றிக்கொள்ளுங்கள், எடுத்துச் செலவழிக்காதீர்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும், நடுவில் எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் கணக்கில் வராது. ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரிப்பிடித்தமும் உண்டு. பழைய கம்பெனி ‘விலகிய தேதி’யைப் பதியாமல் விட்டிருந்தால் மாற்றம் நடக்காமல் தொங்கும். கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து அதை நீங்களே ஆன்லைனில் பதியலாம்.

கொச்சியில் இருந்த ஆபீஸ் குருகிராமுக்குப் போனதே, போக முடியாதவர்கள் என்ன செய்வது?

எக்ஸ்பிரஸின் தலைமையகம் கொச்சி, ஏஐஎக்ஸ் கனெக்டுடையது பெங்களூரு. இரண்டும் சேர்ந்த பிறகு குருகிராம். கணக்கு, எச்.ஆர்., வருவாய் போன்ற அலுவலக வேலைகள் இரண்டு இரண்டாக இருந்தால் ஒன்றாக்கத்தான் பார்ப்பார்கள், இணைப்பின் லாபமே அதில்தான் இருக்கிறது. பறக்கிறவர்களையும் ராம்ப்பில் இருப்பவர்களையும் அப்படிக் குறைக்க முடியாது, விமானம் குறையவில்லையே. பத்திரிகையில் விமானிகளைப் பற்றித்தான் எழுதுவார்கள், வேலை போவது பெரும்பாலும் மேஜைக்காரர்களுக்கு. 2024 மார்ச்சில் ஏர் இந்தியா வெளியே அனுப்பிய சுமார் 180 பேரும் பறக்காத பணியில் இருந்தவர்கள்தான்.

நியமனக் கடிதத்தில் ‘இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம்’ என்று ஒரு வரி இருந்தால், சட்டப்படி மறுப்பது கஷ்டம். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளை மலையாள மீடியத்தில் படிக்கிறது என்பதெல்லாம் கருணை மனுவில் எழுதலாம். என் அபிப்பிராயம், இப்படி மாற்றுவது ஆளைக் குறைப்பதற்கு ஓசையில்லாத வழி: நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கம்பெனிக்கு ஒரு பைசா இழப்பீடு கிடையாது. அதனால் கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். மாற்றத்துக்கு என்ன உதவி, வீட்டு வாடகைப் படி எவ்வளவு, போகாவிட்டால் விலகல் தொகை உண்டா என்று முதலில் கேளுங்கள்.

வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வந்தால் எடுக்கலாமா?

வயது, கடன், அடுத்த வேலை மூன்றையும் பார்த்துத்தான். 2022 ஜூனில் ஏர் இந்தியா கொண்டுவந்த திட்டத்தில் பொதுவாக 55 வயது, 20 வருடச் சேவை என்றும், கேபின் க்ரூ, எழுத்தர் போன்ற சில பிரிவுகளுக்கு 40 வயது என்றும் வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் இன்னொரு சுற்று வந்தது. வி.ஆர்.எஸ். தொகையில் 5 லட்சம் வரை வருமான வரி விலக்கு உண்டு, அது வாழ்நாளில் ஒரே முறை. கிராஜுவிட்டியும் விடுப்புப் பணமும் இதற்கு வெளியே தனியாக வர வேண்டியவை. எல்லாவற்றையும் கூட்டி ஒரே பெரிய தொகையாகக் காட்டினால் பிரித்துக் கேளுங்கள்.

எல்லோரும் சேர்ந்து லீவ் போட்டால் நிர்வாகம் இறங்கி வராதா?

2024 மே 7-ம் தேதி இரவு தொடங்கி எக்ஸ்பிரஸ் கேபின் க்ரூ பெருங்கூட்டமாக சிக் லீவ் போட்டதை நம்ம ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விசா முடிகிற தேதியைக் கையில் வைத்துக்கொண்டு கேரள விமான நிலையங்களில் ஆட்கள் தவித்தார்கள். இணைப்பில் எங்களைச் சமமாக நடத்தவில்லை என்பது சங்கத்தின் குறை. கம்பெனி 25 பேரை வேலையை விட்டு நீக்கியது. மே 9 அன்று டெல்லியில் மத்தியத் தொழிலாளர் ஆணையர் முன்னால் பேசி முடித்து, அந்த 25 பேரையும் திரும்ப எடுத்தார்கள். ஆக, பலன் கிடைத்தது.

ஆனால் இனிமேல் அதே வழியில் போனால் சிக்கல். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஒரே நாளில் சேர்ந்து கேஷுவல் லீவ் போட்டால் அதுவே வேலைநிறுத்தம் என்று அதில் எழுதியிருக்கிறது, வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் நின்றால் சட்டவிரோதம்.

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மார்த்தாண்டத்தில் ஏவியேஷன் கோர்ஸ் சேர்க்கவா?

‘100% வேலை உறுதி’ என்று போர்டு வைத்திருந்தால், போன வருடம் சேர்ந்தவர்களில் யார் யார் எந்த ‘லிமிடெட்’டின் சம்பளச் சீட்டு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பினால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஒரு டிகிரியை விட்டுவிட்டு இதற்குப் போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. டிகிரியோடு போனால், கம்பெனி மாறினாலும் வேறு வேலைக்குத் தாவலாம்.

பிரச்சினை வந்தால் யாரிடம் போவது? நெய்யாற்றின்கரை லேபர் ஆபீஸில் கேட்டால் எங்களிடம் வராதே என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான். விமானப் போக்குவரத்துக்கு உரிய அரசு மத்திய அரசு. அதனால் கேரள லேபர் ஆபீஸும் இல்லை, நாகர்கோவில் லேபர் ஆபீஸும் இல்லை. மத்தியத் தொழிலாளர் ஆணையரின் அலுவலகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது, அங்கே போங்கள். நியமனக் கடிதம், இணைப்புக்கு முன்னும் பின்னுமான சம்பளச் சீட்டு, எச்.ஆருக்குப் போட்ட மெயில்களின் நகல், பி.எஃப். பாஸ்புக் பிரிண்ட், பழைய பாஸின் போட்டோ (திருப்பிக் கொடுப்பதற்கு முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்), இவ்வளவும் கையில் இருக்கட்டும். தனியாகப் போகாமல் அதே குறை உள்ள நான்கைந்து பேராகச் சேர்ந்து, சங்கத்தின் மூலமாக மனு கொடுத்தால் சமரசப் பேச்சுக்குக் கம்பெனியை அழைப்பது சீக்கிரம் நடக்கும். மனுவை இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று தயங்காதீர்கள், காகிதங்களைக் கொண்டுவந்தால் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்.